பழைய கார் என்ஜினைக் குறைந்த செலவில் மறுசீரமைத்தல்

என்ஜின் மறுசீரமைப்பு என்பது, நீண்ட காலம் ஓடித் தேய்ந்துபோன என்ஜினைப் பிரித்து, அதன் உறுப்புகளை அளந்து, தேய்ந்தவற்றை மாற்றியோ இயந்திரத்தில் கடைந்தோ சரிசெய்து, மீண்டும் உரிய அளவுகளில் பூட்டும் பணியாகும். பணிமனைகளில் இது "என்ஜின் வேலை" அல்லது "ஓவர்ஹாலிங்" என அழைக்கப்படுகிறது. பழைய காரின் சந்தை விலை குறைவாகவும், என்ஜின் வேலைக்கான செலவு அதில் பெரும்பகுதியாகவும் இருப்பதால், எந்த வேலை தேவை, எது தேவையில்லை என்று முன்கூட்டியே அறிவது முக்கியமாகிறது. செலவைக் குறைப்பதற்காகச் செய்யப்படும் தவறான சிக்கனம், சில மாதங்களிலேயே என்ஜினை மறுபடியும் பிரிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

இந்தக் கட்டுரை, இந்தியாவில் பெருமளவில் ஓடிய மாருதி 800 காரின் என்ஜினை எடுத்துக்காட்டாகக் கொண்டு மறுசீரமைப்பின் படிநிலைகளை விளக்குகிறது.

மாருதி 800 என்ஜின்

மாருதி 800 காரின் முதல் விற்பனை 1983 டிசம்பர் 14 அன்று நடந்தது. 2014ஆம் ஆண்டு உற்பத்தி நிறுத்தப்படும் வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாரிக்கப்பட்டன. இதன் 796 சி.சி. என்ஜின், சுசுகி நிறுவனத்தின் வடிவமைப்பாகும். இது ஒரே வரிசையில் அமைந்த மூன்று சிலிண்டர்களைக் கொண்டது. ஒவ்வொரு சிலிண்டரின் உள்விட்டம் 68.5 மி.மீ.; பிஸ்டன் மேலிருந்து கீழாகச் செல்லும் தூரம் 72 மி.மீ. ஆகும். சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பாலும், மேலே உள்ள சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவையாலும் ஆனவை. இதே என்ஜின் ஆம்னி வேனிலும் பயன்பட்டது.

குறைந்த செலவில் மறுசீரமைக்க இது ஏற்றதாகக் கருதப்படுவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, இரும்புப் பிளாக்கைக் கடைந்து பெரிதாக்க முடியும். இரண்டாவது, கடைசல் கூலி பெரும்பாலும் சிலிண்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு அச்செலவு குறைவு. மூன்றாவது, உதிரிபாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. பிஸ்டன், ரிங், பேரிங் போன்றவற்றைத் தயாரிக்கும் தொழில் இந்தியாவில் வேரூன்றியுள்ளது. சென்னையின் இந்தியா பிஸ்டன்ஸ், கோயம்புத்தூரில் ஆலை கொண்ட பைமெட்டல் பேரிங்ஸ் ஆகியவை இத்துறையில் நீண்ட காலமாக இயங்கும் நிறுவனங்களாகும்.

ஒரே கொள்ளளவாக இருந்தாலும் எல்லா ஆண்டுகளின் என்ஜினும் ஒன்றல்ல. தொடக்கத்தில் கார்புரேட்டர் வகையும், பின்னர் எம்.பி.எஃப்.ஐ. வகையும் வந்தன. 6 வால்வுகள் கொண்ட ஹெட்டும் 12 வால்வுகள் கொண்ட ஹெட்டும் உண்டு. எனவே உதிரிபாகம் வாங்கும்போது காரின் ஆண்டையும் என்ஜின் எண்ணையும் சொல்லியே வாங்க வேண்டும்.

என்ஜின் தேய்வதற்கான காரணங்கள்

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு வினாடியில் 100 முறை மேலும் கீழுமாகப் பயணம் செய்கிறது. இந்த இயக்கத்தில் உலோகம் உலோகத்தோடு நேரடியாக உரசாமல் காப்பது மெல்லிய ஆயில் படலமே. ஆயில் குறைந்தாலோ, பழையதாகித் தன்மை இழந்தாலோ, ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி உள்ளே புகுந்தாலோ, என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானாலோ தேய்மானம் வேகமடைகிறது.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. எரிதலின் வெப்பமும் அழுத்தமும் மேற்பகுதியில் அதிகம். ஆயில் அங்குக் குறைவாகவே எட்டுகிறது. எனவே மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் மிகுதியாக இருக்கும். இதனால் சிலிண்டர் மேலே அகன்றும் கீழே குறுகியும் சரிவடைகிறது. மேலும், எரிதலின்போது பிஸ்டன் ஒரு பக்கமாகச் சுவரை அழுத்துவதால் வட்டம் சற்று நீள்வட்டமாகிறது. ரிங் எட்டாத மேல் விளிம்பு மட்டும் தேயாமல் ஒரு வரம்பு போல நிற்கும். நகத்தால் தடவினாலே இவ்வரம்பை உணர முடியும்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

மறுசீரமைப்பில் மிகக் குறைந்த செலவில் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும் கட்டம் இதுவே. புகை வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக என்ஜினைப் பிரிப்பது பல நேரங்களில் தேவையற்றது.

புகையின் நிறம் முதல் குறிப்பைத் தரும். நீல நிறப் புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் இயக்கும்போது மட்டும் சிறிது நேரம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு சீல்கள் இறுகிப்போயிருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கருப்புப் புகை, பெட்ரோல் அளவுக்கு மீறிச் செல்வதைக் குறிக்கும். இது கார்புரேட்டர் அல்லது சென்சார் சார்ந்த குறை. என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வரும் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் நீர் எரிதல் அறைக்குள் கசிவதன் அடையாளமாக இருக்கலாம்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. என்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரியூட்டலையும் பெட்ரோல் வரத்தையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானியால் அளக்க வேண்டும். இத்தகைய சிறிய பெட்ரோல் என்ஜின்களில் நல்ல நிலையில் ச.செ.மீ.க்குச் சுமார் 12 கிலோ, அதாவது ஏறக்குறைய 170 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தம் இருக்கும். மூன்று சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மீண்டும் அளப்பது ஈரச் சோதனை எனப்படும். ஆயில், பிஸ்டனைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். எனவே அழுத்தம் தெளிவாக உயர்ந்தால் குறை ரிங்கிலோ சிலிண்டரிலோ உள்ளது. உயராவிட்டால் குறை வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவதாக ஆயில் அழுத்தத்தை மானி பொருத்தி அளக்க வேண்டும். சூடான என்ஜினில் அழுத்தம் மிகக் குறைந்து, அடியிலிருந்து கனமான தட்டும் ஓசையும் வந்தால் கிராங்க் பேரிங்குகள் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் காரைத் தொடர்ந்து ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டே பாழாகும். கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைத் துளைக்கவும் கூடும்.

வேலையின் மூன்று அளவுகள்

சோதனை முடிவைப் பொறுத்து வேலை மூன்று வகைப்படும்.

முதலாவது, ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்யும் மேல்பகுதி வேலை. வால்வு சீல், வால்வு அமர்விடம், ஹெட் கேஸ்கெட் ஆகியவை இதில் அடங்கும். என்ஜினைக் காரிலிருந்து இறக்கத் தேவையில்லை.

இரண்டாவது, ரிங் மாற்றுதல். சிலிண்டர் தேய்மானம் வரம்புக்குள் இருந்து, ரிங் மட்டும் தேய்ந்தோ கரி படிந்து ஒட்டிக்கொண்டோ இருந்தால் இது போதும்.

மூன்றாவது, முழு மறுசீரமைப்பு. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுதல், கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து புதிய பேரிங் போடுதல், ஹெட் வேலை ஆகிய அனைத்தும் இதில் சேரும்.

முதல் வகை போதுமான இடத்தில் மூன்றாவதைச் செய்வது வீண் செலவு. மூன்றாவது தேவைப்படும் இடத்தில் இரண்டாவதோடு நிறுத்துவது அதைவிடப் பெரிய வீண் செலவு. தேய்ந்த சிலிண்டரில் புதிய ரிங் போடுவதுதான் மிகப் பரவலாகச் செய்யப்படும் தவறு. சிலிண்டரின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிட 0.1 மி.மீ. அகன்றிருந்தால், அதன் சுற்றளவு சுமார் 0.31 மி.மீ. கூடுதலாக இருக்கும். அதாவது ஒவ்வொரு முறை மேலே செல்லும்போதும் ரிங் விரிந்து, கீழே வரும்போது சுருங்க வேண்டும். இதை வினாடிக்குப் பலமுறை செய்யும் ரிங் சுவரோடு ஒட்டி நிற்காது. மேல் விளிம்பில் உள்ள தேயாத வரம்பில் புதிய ரிங்கின் கூரிய முனை மோதி ரிங் உடைவதும் உண்டு. புகை சில வாரங்கள் குறைந்து, பின் மறுபடியும் தொடங்கும். அதற்குள் கேஸ்கெட், ஆயில், கூலி ஆகிய அனைத்தும் செலவாகியிருக்கும்.

பிரித்தலும் குறியிடுதலும்

பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆயிலையும் ரேடியேட்டர் நீரையும் வடித்த பிறகே வேலை தொடங்க வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. அது தீங்கு விளைவிக்கும் கழிவு என்பதால் உரிய சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். காருக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும். உறுப்புகளைக் கழுவப் பெட்ரோலைப் பயன்படுத்துவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

பிரிக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும், ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைப்பதும் செலவில்லாத காப்பீடாகும். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் புல்லிகளில் உள்ள குறிகளைச் சரிபார்க்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூடாக இருக்கும்போது கழற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

கனெக்டிங் ராடும் அதன் அடி மூடியும் ஒன்றாகச் சேர்த்துக் கடையப்பட்டவை. ஒன்றின் மூடியை மற்றொன்றில் போடவோ திருப்பிப் போடவோ கூடாது. மெயின் பேரிங் மூடிகளுக்கும் இதே விதி பொருந்தும். மூன்று சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் நான்கு. அவற்றின் வரிசையையும் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அளவெடுத்தல்

கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாத கட்டம் இது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 0.07 மி.மீ. ஆகும். ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, இதுபோன்ற என்ஜின்களில் அதைவிடக் குறைவு.

சிலிண்டரின் உள்விட்டத்தை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்காகவும் நெடுக்காகவும் இருமுறையும் போர் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவுகள், மூன்று சிலிண்டர்களுக்குப் பதினெட்டு. இவற்றைத் தாளில் எழுதிவைத்து, தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட வேண்டும்.

கிராங்க் ஷாஃப்டின் பேரிங் அமரும் பகுதிகளை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். கீறல் இல்லாமல், வட்டம் மாறாமல் இருந்தால் கடைய வேண்டியதில்லை; அதே அளவில் புதிய பேரிங் போட்டால் போதும். நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் கடைந்தாக வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் பார்க்க வேண்டும்.

இந்தக் கருவிகளை ஒருமுறை வேலைக்காக வாங்குவது சிக்கனமல்ல. கடைசல் பட்டறையிலேயே அளந்து தரச் சொல்லலாம். ஆனால் "கடைய வேண்டும்" என்ற சொல்லோடு நிறுத்தாமல், அளவுகளை எழுதித் தரும்படி கேட்பது காரின் உரிமையாளருக்கு நல்லது.

கடைசல் பட்டறை வேலைகள்

சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது போரிங் எனப்படும். பெரிய அளவு பிஸ்டன்கள் பொதுவாக 0.25 மி.மீ., 0.50 மி.மீ. எனப் படிப்படியான அளவுகளில் கிடைக்கின்றன. அங்குலக் கணக்கில் இவை ஏறக்குறைய ஆயிரத்தில் 10, ஆயிரத்தில் 20 என்பதால் பட்டறைகளில் "பத்து சைஸ்", "இருபது சைஸ்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. மாருதி 800 சிலிண்டரை 0.50 மி.மீ. பெரிதாக்கினால் உள்விட்டம் 69 மி.மீ. ஆகும், கொள்ளளவு 796 சி.சி.யிலிருந்து சுமார் 808 சி.சி.யாக உயரும். ஓட்டும்போது இந்த வேறுபாடு தெரியாது. பெரிதாக்குவதன் நோக்கம் வேகம் அல்ல, மீண்டும் சரியான வட்டத்தைப் பெறுவதே.

இங்குக் கவனிக்க வேண்டிய ஒழுங்குமுறை ஒன்று உண்டு. முதலில் பிஸ்டனை வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்தே பட்டறையில் கொடுக்க வேண்டும். பிஸ்டனின் உண்மையான அளவை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுக் கடைவதே முறை. கடைந்த பிறகு பிஸ்டன் தேடினால் இடைவெளி கூடவோ குறையவோ நேரும். இடைவெளி குறைந்தால் சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கூடினால் தட்டும் ஓசையும் ஆயில் செலவும் இருக்கும்.

கடைந்த பின் ஹோனிங் செய்யப்படுகிறது. சாணைக்கல்லைச் சுழற்றியபடி மேலும் கீழும் செலுத்தி, சுவரில் குறுக்குமறுக்கான நுண்கீற்றுகளை உண்டாக்குவதே இது. அக்கீற்றுகள் ஆயிலைத் தாங்கி நின்று, புதிய ரிங்குகள் சுவரோடு பொருந்த உதவுகின்றன. கண்ணாடிபோல் வழவழப்பான சுவரில் ரிங் அமர்வதில்லை.

கடைசி அளவையும் தாண்டித் தேய்ந்த சிலிண்டருக்கு ஸ்லீவ் எனப்படும் புதிய இரும்புக் குழாயை அழுத்திப் பொருத்தி, பழைய அளவுக்கே கடையலாம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் ஆழமாகக் கீறியிருந்தாலும் இம்முறை பயன்படும். ஹெட்டில் வால்வு அமர்விடங்களைச் சீவுதல், வால்வு முகத்தைச் சாணை பிடித்தல், வளைந்த அடிப்பரப்பைச் சமப்படுத்துதல் ஆகியவை பிற பட்டறை வேலைகள்.

சேமிக்கக் கூடியவையும் கூடாதவையும்

சேமிக்கக் கூடிய இடங்கள்:

- கழற்றுதல், கரி சுரண்டுதல், கழுவுதல் போன்ற உழைப்பு வேலைகளைத் திறமையுள்ளவர் தாமே செய்யலாம்.
- வால்வை அமர்விடத்தில் பசை தடவித் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் வேலையைக் கையாலேயே செய்யலாம். அமர்விடம் ஆழமாகப் பள்ளம் விழாதபோது மட்டுமே இது போதும்.
- நல்ல நிலையில் உள்ள கேம் ஷாஃப்ட், கனெக்டிங் ராட், வால்வு ஸ்பிரிங் ஆகியவற்றை அளந்து பார்த்து மீண்டும் பயன்படுத்தலாம்.
- வெளிப்புற உறுப்புகளான ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மேனிஃபோல்டு ஆகியவற்றைப் பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்கலாம்.

சேமிக்கக் கூடாத இடங்கள்:

- ரிங், பேரிங், கேஸ்கெட், ஆயில் சீல் ஆகியவை எப்போதும் புதியவையாகவும் நம்பத்தகுந்த தயாரிப்பாகவும் இருக்க வேண்டும்.
- டைமிங் பெல்ட்டும் அதன் டென்ஷனரும் வெளித்தோற்றத்தில் நன்றாக இருந்தாலும் மாற்றப்பட வேண்டும்.
- ஆயில் பம்ப்பை அளந்து, ஐயம் இருந்தால் மாற்ற வேண்டும். பழைய பம்ப், புதிய பேரிங்குகள் அனைத்தையும் அழித்துவிடக் கூடும்.
- வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய்கள், ரேடியேட்டர் சுத்தம் ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. பல என்ஜின்கள் கெட்டதற்கு முதற்காரணமே அதிகச் சூடுதான். அக்காரணத்தை அப்படியே விட்டுவிட்டு என்ஜினை மட்டும் புதுப்பிப்பதால் பயனில்லை.

வெப்பமான பகுதிகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. இது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் உரிய வெப்பநிலையை அடைய நீண்ட நேரம் எடுக்கும். குளிர்ந்த நிலையில் ஓடும்போது பெட்ரோல் செலவும் சிலிண்டர் தேய்மானமும் கூடும்.

பழைய என்ஜின் வாங்குவதும் சட்டமும்

சில நேரங்களில் முழு மறுசீரமைப்பைவிடப் பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்துவது மலிவாகத் தோன்றும். சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கழிக்கப்பட்ட கார்களின் என்ஜின்கள் கிடைக்கின்றன. ஹெட் இல்லாமல் பிளாக், கிராங்க், பிஸ்டன் ஆகியவை மட்டும் சேர்ந்தது "ஹாஃப் என்ஜின்" எனப்படும்.

இதில் இரு இடர்கள் உள்ளன. ஓடாமல் கிடக்கும் என்ஜினின் உள்நிலையைக் கம்ப்ரஷன் சோதனை இல்லாமல் அறிய முடியாது. மற்றொன்று சட்டம் சார்ந்தது. என்ஜின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டுள்ளது. அதே எண் பதிவுச் சான்றிதழிலும் உள்ளது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாகனத்தில் செய்யப்படும் மாற்றங்களையும் என்ஜின் மாற்றத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எண் பொருந்தாத கார், தகுதிச் சோதனையிலும் விற்பனையிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கலுக்கு உள்ளாகும். திருடப்பட்ட காரின் என்ஜினாக இருந்தால் வாங்கியவரே விசாரணைக்கு ஆளாக நேரிடும். எனவே ரசீதும் பழைய காரின் ஆவண நகலும் இல்லாத என்ஜினை வாங்கக் கூடாது. சொந்தப் பிளாக்கையே கடைந்து பயன்படுத்தும் மறுசீரமைப்பில் என்ஜின் எண் மாறுவதில்லை என்பது அதன் முக்கியமான நன்மையாகும்.

சுத்தம் செய்தல்

கடைசல் முடிந்து வந்த பிளாக் பளபளப்பாகத் தோன்றினாலும், ஹோனிங் கல்லின் துகள்களும் இரும்புத் துகள்களும் நுண்கீற்றுகளுக்குள் தங்கியிருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் அவை போகா. வெந்நீரும் சோப்பும் கொண்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரை கழுவுதல் தொடர வேண்டும். பின்னர் காற்றால் உலர்த்தி உடனே ஆயில் பூச வேண்டும். இல்லையேல் விரைவில் துரு பிடிக்கும். கிராங்க் ஷாஃப்டின் ஆயில் துளைகளையும் பிளாக்கின் ஆயில் பாதைகளையும் நீண்ட பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

சோப்பு, நீர், உழைப்பு தவிர வேறு செலவில்லாத இவ்வேலையைத் தவிர்ப்பதால், புதிய ரிங்கும் பேரிங்கும் முதல் நூறு கிலோமீட்டரிலேயே கீறல் காண்பதுண்டு.

பூட்டுதல்

புதிய ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன், சிலிண்டருக்குள் வைத்து அதன் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். இந்த அளவுள்ள சிலிண்டருக்குப் பொதுவாக 0.2 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி தேவை. இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் ஒன்றோடொன்று முட்டிச் சுவரைக் கிழிக்கும். மூன்று ரிங்குகளின் வாய்களும் ஒரே நேர்கோட்டில் வராமல், வெவ்வேறு திசைகளில் இருக்குமாறு வைக்க வேண்டும். பிஸ்டனின் மேல் உள்ள அம்புக்குறி கையேட்டில் சொன்ன திசையை நோக்கி இருக்க வேண்டும்.

பேரிங்கின் பின்புறமும் அது அமரும் இடமும் ஆயிலின்றி உலர்ந்திருக்க வேண்டும். கிராங்க் சுழலும் உட்புறத்தில் மட்டும் ஆயில் தடவ வேண்டும். ஒவ்வொரு மூடியையும் இறுக்கிய பின் கிராங்க் கையால் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த மூடியை இறுக்கிய பிறகு சுழற்சி தடைபட்டதோ, அங்கேயே குறை உள்ளது. எல்லாவற்றையும் பூட்டிய பின் தேடுவதைவிட இது எளிது.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, இரண்டு அல்லது மூன்று சுற்றுகளாக, டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கை அனுபவத்தால் மட்டும் இறுக்கினால் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் போய்க் கேஸ்கெட் கசியும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர் அதை வாடகைக்கோ இரவலாகவோ பெறுவது, இரண்டாவது கேஸ்கெட் வாங்குவதைவிட மலிவு. டைமிங் பெல்ட்டைக் குறிகளின்படி பொருத்தி, என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்றிக் குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். இறுதியாக வால்வு இடைவெளியை அமைக்க வேண்டும்.

முதல் ஓட்டம்

முதன்முறை இயக்கும் முன், ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, ஆயில் அழுத்த விளக்கு அணையும் வரை காத்திருக்க வேண்டும். உலர்ந்த பேரிங்குகளோடு என்ஜின் ஓடத் தொடங்குவதை இது தடுக்கிறது. இயங்கியதும் கசிவு, சூடு, ஓசை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

புதிய ரிங்குகள் சுவரோடு பொருந்தும் காலம் ரன்னிங் இன் எனப்படும். நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் என்ஜினை ஓடவிடுவது இதற்கு உதவாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரிதலின் அழுத்தமே என்பதால், மிதமான சுமையில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அதிவேகம், நீண்ட நேரம் ஒரே வேகம், கனமான சுமை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பின்னர் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். வடித்த ஆயிலில் நுண்ணிய உலோகத் துகள்கள் சிறிதளவு காணப்படுவது இயல்பு. செதில்போல் பெரிய துண்டுகள் இருந்தால் ஓட்டத்தை நிறுத்தி ஆராய வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் கடந்த பின் மீண்டும் கம்ப்ரஷன் சோதனை செய்து, அளவுகளைக் குறித்துவைப்பது எதிர்காலத்தில் ஒப்பிட உதவும்.

மறுசீரமைப்பைத் தவிர்க்க வேண்டிய நிலைகள்

எல்லாப் பழைய கார்களும் இச்செலவுக்குத் தகுதியானவை அல்ல. பிளாக்கில் விரிசல், துருப்பிடித்து வலுவிழந்த அடிப்பகுதி, வளைந்த உடற்கூடு ஆகியவை இருந்தால் என்ஜினைப் புதுப்பிப்பதால் கார் பாதுகாப்பானதாகிவிடாது. இந்தியாவில் தனியார் கார்களின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனைக்கு உட்பட்டு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பதிவு முடியும் தறுவாயில் உள்ள காருக்கு என்ஜின் வேலை தொடங்குமுன், பிரேக், ஸ்டியரிங், உடற்கூடு ஆகியவை அச்சோதனையில் தேறுமா என்று பார்ப்பது அவசியம். அதேபோல் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் பெறத் தவறும் கார்களில், குறை ரிங்கில் உள்ளதா கார்புரேட்டரில் உள்ளதா என்று பிரித்தறிந்த பின்னரே என்ஜினைத் தொட வேண்டும்.

ஆகவே செலவுக் கணக்கைக் கம்ப்ரஷன் மானியிலிருந்து தொடங்குவதே முறையாகும். சோதனை முடிவு, பதினெட்டு சிலிண்டர் அளவுகள், கிராங்க் அளவுகள், ஹெட்டின் சமநிலை ஆகிய நான்கும் எழுத்தில் கையில் இருந்தால், மெக்கானிக் சொல்லும் வேலை தேவையானதுதானா என்பதைக் காரின் உரிமையாளரே தீர்மானிக்க முடியும்.